பாதிக் கல்லில் ஒரு போர் விமானம்

என் அப்பாவின் கல்லறைக்கு எதிரி நாட்டுப் போர் விமானத்தைச் செதுக்கச் சொல்லி ஆர்டர் கொடுத்தவன் நான். நல்ல கருங்கல்லாகப் பார்த்து, வழுவழுவென்று பாலிஷ் போடச் சொல்லி, இறக்கைகளைக் கொஞ்சம் எடுப்பாகக் காட்டுங்கள் என்று சிற்பியிடம் தனியாக வேறு கேட்டுக்கொண்டேன். இதில் கூடுதல் சங்கடம், அப்பா அப்போது உயிரோடு இருந்தார். இப்போதும் இருக்கிறார். கல்லைப் பார்க்க என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவரும் வந்தார்.

இந்த அளவு முட்டாள்தனம் திடீரென்று யாருக்கும் கைகூடாது. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அனுபவம் பேசுகிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுபத்தொன்று பாகிஸ்தான் யுத்தத்தின்போது நைனா கடற்படையில் இருந்தார். விமானங்களைச் சுமந்துகொண்டு போகும் பெரிய கப்பல் ஒன்று உண்டல்லவா, அதன் மேல்தளத்திலிருந்து பறந்துபோய்க் குண்டு போட்ட சண்டை விமானப் பிரிவில், ஸ்குவாட்ரன் என்பார்கள், அவருக்கு வேலை. ஓட்டுகிற வேலை இல்லை. இறக்கைக்கு அடியில் குண்டு மாட்டுகிற வேலை. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து போன பையன், வங்காள விரிகுடாவின் நடுவில் குண்டைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தான்.

ஆனால் செங்கல்பட்டில் எங்கள் தெருவைக் கேட்டால் வேறு கதை சொல்லும். தெருவைப் பொறுத்தவரை நைனா கப்பலில் சமையல்காரர். இதற்கு ஒரு காரணம் உண்டு. யுத்தம் முடிந்து முதல் லீவில் வந்த நைனா, உயிரோடு திரும்பிய சந்தோஷத்தில் ஈஸ்டர் அன்று அண்டா வாடகைக்கு எடுத்து, தானே நின்று, தெருவுக்கே பிரியாணி செய்து போட்டார். அது ருசியாக இருந்ததுதான் தப்பு. சாப்பிட்ட அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து "கப்பல்ல இன்னா சமையலா" என்பது விசாரிப்பு மாதிரியும் இருக்கும், குத்தல் மாதிரியும் இருக்கும். நைனா அதற்குப் பிறகு ஒரு முட்டைகூட அவித்ததில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கடையில் இட்லி வாங்கி வருவாரே ஒழிய அடுப்புப் பக்கம் போகமாட்டார். போதாக்குறைக்கு நான் வளர்ந்து பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் மெஸ் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். தெருவுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அம்மா போய் மூன்றாவது வருடம் இது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கணவன் மனைவிக்கு ஒரே கல்லாக வைப்பது வழக்கம். முதலில் போனவரின் பெயரை இடது பாதியில் வெட்டிவிட்டு, வலது பாதியை வெறுமையாக விட்டுவிடுவார்கள். இருப்பவர் ஒவ்வொரு முறை பூப்போட வரும்போதும் தன்னுடைய இடம் காலியாகக் காத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். மற்றவர்கள் அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். நைனா நேராக அந்தப் பாதியைத் தட்டிப் பார்த்தார்.

"டேய், என் பாதிய நான் இருக்கசொல்லவே முடிச்சிடணும். நீ வுட்டா 'நல்ல சமையல்காரர்'னு வெட்டிடுவானுங்க."

"யாரு நைனா அப்பிடியெல்லாம் வெட்டப் போறாங்க?"

"நீ பக்கத்துல நின்னு சிரிச்சிகினு இருப்ப. அவனுங்க வெட்டிடுவானுங்க."

அவர் கேட்டது சின்ன விஷயம். பெயர் எல்லாம் பிறகு வந்துகொள்ளட்டும், முதலில் அந்தப் பாதியில் அவருடைய ஸ்குவாட்ரனின் விமானம் வேண்டும். எவனும் அதற்குப் பிறகு அண்டாவைப் பற்றிப் பேசக்கூடாது. அது ஒன்றுதான் அவருக்குப் பாக்கி.

நான் உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டேன். மாமல்லபுரம் போகிற சாலையில் எனக்குத் தெரிந்த சிற்பி ஒருவர் இருக்கிறார், எங்கள் மெஸ் வாசலில் வைக்க ஒரு பிள்ளையார் செய்து கொடுத்தவர். விமானத்தின் படம் மட்டும் வேண்டும். "உங்களுக்கு எதுக்கு நைனா சிரமம், எல்லாம் போன்ல கீது" என்று சொல்லி, யுத்தத்தையும் வருடத்தையும் டாக்காவையும் சண்டை விமானத்தையும் ஒன்றாகப் போட்டுத் தேடினேன். வந்தவற்றில் எது அழகாக இருந்ததோ அதை எடுத்தேன். இறக்கைகள் பின்னால் சாய்ந்து, மூக்கு வாயைப் பிளந்து, சூரிய அஸ்தமனத்தில் சீறிக்கொண்டு போனது. கீழே என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. படம் பார்க்கிறவன் எழுத்தைப் படிப்பானா. சிற்பிக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். பாதி அளவுக்கு ஒரு பலகைக் கல், அதைக் கொண்டுபோய் வெற்றிடத்தில் பதித்துவிடுவது என்று ஏற்பாடு.

பட்டறையில் புத்தர்களும் யானைகளும் ரிசார்ட்டுகளுக்குப் போகிற கல் விளக்குகளும் தூசி மூடி நின்றிருந்தன. நடுவில் நம் கல். சிற்பி ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நைனா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். மனிதர் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

"இது எவன்டா?" என்றார்.

"உங்க விமானம்தான் நைனா."

"இது சேபர் ஜெட்டுடா. பாகிஸ்தான்காரனுது."

கல் அறுக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சிற்பி போய் அதை அணைத்துவிட்டு வந்தார். இந்த மாதிரி விஷயத்தை யாரும் தவறவிட விரும்பமாட்டார்கள்.

"டாக்காவுல நின்னுகினு இருந்தவன் இவன். ரன்வேய நம்ம ஏர்போர்ஸ்காரன் பள்ளம் பள்ளமா பண்ணி வச்சிட்டான், இவனால கெளம்பவே முடியல. எங்க கப்பல் பக்கம் வரவேயில்ல. சண்டைக்கே வராதவனுக்கு என் கல்லறைல எடமா? நான் செத்தப்பறம் எம் மேல குந்திகினு இருப்பானா இவன்?"

"அப்ப ரெண்டு பேரும் சமாதானமா போயிடலாமே நைனா" என்றேன். இந்த மாதிரி நேரத்தில் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். சிற்பி மட்டும் சிரித்தார், அதுவும் திரும்பி நின்று.

நைனா ஒரு சுண்ணக்கட்டியை வாங்கித் தரையில் குந்தி உட்கார்ந்து தன் விமானத்தை வரைந்தார். அதன் பெயர் சீ ஹாக். மூக்கு முட்டை மாதிரி மூடியிருக்கும், அதற்கு அடியில் நான்கு துப்பாக்கி. இறக்கை சாயாது, இரண்டு பக்கமும் கையை நீட்டின மாதிரி நேராக இருக்கும். புகை வாலில் போகாது, இறக்கை ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் பிரிந்து போகும். சிற்பி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க பெரியவரே. இது அவ்ளோ அழகா இல்லியே. சார் அனுப்புன படம் எடுப்பா கீது."

"எடுப்பா இருந்தவன் வரவேயில்ல தம்பி. இது போச்சு, போட்டுது, திரும்பி வந்துது. எங்க ஸ்குவாட்ரன்ல ஒன்னுகூட போன எடத்துல தங்கல. ஓட்டையோட வந்துது சிலது. வந்துது."

செதுக்கின கல்லை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. தேய்த்தால் மெலிந்துவிடும் என்றார் சிற்பி. நைனாவே முடிவு சொன்னார். அது இப்போது எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லாக இருக்கிறது. கவிழ்த்துப் போடலாம் என்று என் மனைவி சொன்னாள். நைனா கேட்கவில்லை. விமானம் மேல்பக்கம்தான் இருக்க வேண்டுமாம். ஒன்று சொல்லவேண்டும், காலர் அழுக்கு நன்றாகப் போகிறது.

சரியான படத்தோடு புதிய பலகைக்கு ஏற்பாடு செய்வதற்கு முன்னால், கல்லறைத் தோட்டத்துக் கமிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு வருகிற யோசனைகளின் லட்சணம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து கோயிலை ஒட்டின அறையில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. செயலாளர் ஒரு ரிட்டயர்ட் சூப்பரின்டென்டென்ட். எல்லாவற்றுக்கும் ஆபீஸ் மாதிரியே பதில் சொல்வார். புதுக் கல் எது உள்ளே வந்தாலும் கமிட்டி அனுமதி வேண்டும் என்றார். சிலுவை, பெயர், தேதி, வேத வசனம், அவ்வளவுதான் என்றார்.

"சண்ட விமானம் எல்லாம் ஆண்டவர் சன்னிதில வைக்கக் கூடாதுங்க."

"உங்க அண்ணன் கல்லறைல மோட்டார் பைக் கீதே" என்றார் நைனா. இருந்தது. செயலாளரின் காலஞ்சென்ற அண்ணன் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவர். கல்லில் அவருடைய வண்டி சைடு ஸ்டாண்டு போட்டு நிற்கும். "அந்தாண்ட வக்கீலுக்கு தராசு கீது. டைலருக்கு கத்திரி கீது. எனக்கு மட்டும் இன்னா ரூல்ஸ்?"

"அதெல்லாம் அவங்கவங்க பார்த்த தொழிலு. நீங்க இன்னா விமானம் ஓட்டுனீங்களா கப்பல்காரரே? வேணும்னா ஒரு கரண்டி போட்டுக்கங்க, கமிட்டி ஒண்ணியும் சொல்லாது."

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். "புள்ளையும் மெஸ்ஸுதானே. ரெண்டு கரண்டியா போட்டுடலாம்" என்றார்.

என் வாய் திறந்தது. "கரண்டி போட்டா அண்டாவும் போடணும், எடம் பத்தாது" என்றேன். நான் நம் கட்சியில்தான் பேசினேன். அது யார் கட்சி மாதிரி கேட்டது என்பது, அறையே சிரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நைனா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ஜெட் சத்தத்தில் அவருக்கு இடது காது அப்போதே போய்விட்டது, வலது காதும் மிஷின் வைத்தால்தான் கேட்கும். அதனால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அந்தக் கப்பல்ல ஒரு பாய்லர் விரிசல். தெரியுமா உனக்கு? சண்டைக்கு எடுத்துகினு போவாத, கரையிலயே நிறுத்துன்னாங்க. மத்த பாய்லருக்கும் இரும்புப் பட்டைய சுத்திக் கட்டிகினு போனோம். வேகம் வராது. டிசம்பர் மாசம், கடல்ல காத்தும் கெடையாது. காத்து இல்லன்னா மேல் தளத்துலேர்ந்து விமானம் எழும்பறது கஷ்டம். ஆனாலும் அனுப்புனோம். காக்ஸ் பஜாருக்கு அனுப்புனோம், சிட்டகாங்குக்கு அனுப்புனோம். வரும், எண்ணெய் ஊத்தி குண்டு மாட்டி மறுபடி அனுப்புவோம்."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"குண்டுல பூட்டு ஊசி ஒன்னு இருக்கும். செவப்பு ரிப்பன் கட்டி இருக்கும். அத புடுங்கனாதான் குண்டு வெடிக்கும், புடுங்காத போனா வெறும் இரும்பு. கடைசி நிமிஷத்துல நான் அடில பூந்து எல்லாத்தையும் புடுங்கிகினு முன்னாடி வந்து, கையத் தூக்கி பைலட்டுக்குக் காட்டணும். அவரு எண்ணிப் பார்ப்பாரு. அவரு ஆபீசரு, பெரிய வூட்டுப் புள்ள. நான் கூலிக்காரன் மவன். என் கையப் பார்த்து அவரு தலைய ஆட்டற வரைக்கும் விமானம் நகராது. கப்பலே நிக்கும். நீ கரண்டின்ற."

பிறகு செயலாளர், "எதுவா இருந்தாலும் ரூல்ஸ்ல எடமில்லீங்க" என்றார். அவர் கொடூரமானவர் இல்லை. ரூல்ஸைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் நைனா கேட்டார். "புதுக் கல்லு உள்ள வரக்கூடாதுன்னான் இல்ல? பழைய கல்லுல கை வச்சா?"

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரம் எங்கள் கல்லறைத் தோட்டம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு குடும்பமும் ஆள் கூட்டி வந்து புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மங்கின எழுத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். அந்த ஒரு வாரத்துக்கு எவரும் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேட்டால் கமிட்டிக்கு வேறு வேலையே நடக்காது. நைனா இத்தனை வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

திருநாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் வந்து சேருகிற நேரமாகப் பார்த்துச் சிற்பியை வரச்சொன்னார். காலையில் ஆள் இல்லாதபோது முடித்துவிடலாமே என்றேன். "திருடப் போறமா?" என்றார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நான் சுமந்து வந்தேன். தன்னுடைய கல்லறைக்கு எதிரில் அதைப் போட்டு, குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே மின்சாரம் கிடையாது. சிற்பி அம்மாவின் கல்லில் காலியாக இருந்த பாதியில் சாக்பீசால் கோடு போட்டு, உளியை வைத்துத் தட்டத் தொடங்கினார்.

கருங்கல்லில் உளிச் சத்தம் சும்மா இருக்காது. இரண்டு வரிசை தள்ளி இருந்தவர்கள்கூடச் சுண்ணாம்பு மட்டையோடு வந்து நின்றார்கள். "இன்னா பெருசு, கொசுவா?" என்று ஒருவர் கேட்டார். "கிட்ட வா, கடிக்கும்" என்றார் நைனா. மூக்கு வந்தது. இடது இறக்கை வந்தது, நேராக, கையை நீட்டின மாதிரி. நைனா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "துப்பாக்கி ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டா வரணும்" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

செயலாளர் வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "நிறுத்துங்க. எழுத்து மட்டும்தான் புதுப்பிக்கலாம். படம் வெட்ட அனுமதி கெடையாது" என்றார்.

"என் எழுத்து இதான்" என்றார் நைனா.

"கப்பல்காரரே, சொல்லிகினே கீறேன். கமிட்டி ஆக்ஷன் எடுக்க வேண்டி வரும்."

நைனா வலது காதில் இருந்த மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு செயலாளர் பேசினதெல்லாம் எனக்கும் அம்மாவுக்கும்தான் கேட்டது. சிற்பி உளியோடு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல ஜோக் ஒன்று நாக்கு நுனி வரை வந்து நின்றது. விழுங்கினேன். "நீங்க வெட்டுங்க" என்றேன். என் குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது.

மோட்டார் பைக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்த செயலாளரின் அண்ணி, வாளியோடு எழுந்து வந்தார். "இன்னா தம்பி, உங்க அண்ணன் வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் கேட்டா வச்சீங்க? வுடுங்க, பெரியவரு குந்திகினு கீறாரு பாவம்."

"பாவம் எல்லாம் ஒண்ணியும் வேணாம்" என்றார் நைனா. காது மிஷின் இல்லாமல் அது எப்படிக் கேட்டதோ தெரியவில்லை.

அண்ணியை எதிர்த்துச் செயலாளர் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. சிற்பி தட்டினார். செயலாளர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரியவரு இருக்கற வரைக்கும் நாங்க ஒண்ணியும் பண்ணப் போறதில்ல. அப்பால கமிட்டி கூடி முடிவு பண்ணும். கல்ல மிஷின் வச்சி இழைச்சி எடுத்தா படம் இருந்த அடையாளமே இருக்காது. அப்ப நீங்க கோச்சிக்கக் கூடாது."

வெயில் தலைக்கு மேல் வந்தபோது விமானம் முடிந்தது. அழகான விமானம் இல்லை. தடித்த உடம்பு, மொட்டை மூக்கு, நேரான இறக்கை. அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. நைனா எழுந்து வந்து, தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவி, உள்ளங்கையால் துடைத்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "இதுலதான் குண்டு மாட்டுனியா?" என்று கேட்டார். நைனா குனிந்து இறக்கைக்கு அடியில் இடது பக்கம் ஒரு இடம், வலது பக்கம் ஒரு இடம் தொட்டுக் காட்டினார். யாரும் சமையல் பற்றிக் கேட்கவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது செயலாளர் சொன்னதை நைனாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன், கொஞ்சம் தமாஷாக, அவர் சூப்பரின்டென்டென்ட் குரலிலேயே. பின்னால் சத்தமில்லை. மிஷினை இன்னும் மாட்டவில்லை போல என்று நினைத்தேன். ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தினபோது முதுகுக்குப் பின்னாலிருந்து, கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, நைனா சொன்னார்:

"நான் செத்த அன்னிக்கே இழைக்க வருவானுங்க. வாய மூடிகினு கல்லுக்கு முன்னாடி நில்லு. நீ ஜோக்கு சொல்லி முடிக்கறதுக்குள்ள இழைச்சிட்டுப் பூடுவானுங்க."